நாய்க்குச் சொட்டு மருந்து விட்டும் உண்ணி போகவில்லை, வீட்டில் பூனையும் இருக்கிறது

முடிச்சூர் மணி:
வணக்கம். தாம்பரம் பக்கம் தனி வீடு, கீழ்த்தளம். சிப்பிப்பாறைக் கலப்பு நாய் ஒன்று, ஆண், 4 வயது, 22 கிலோ. தானாக வந்து குடியேறிய நாட்டுப் பூனை ஒன்று, 3 கிலோ இருக்கும். மழை விட்டதிலிருந்து நாயின் காது மடல், விரல் இடுக்கு, வாலடி என்று எங்கே பார்த்தாலும் உண்ணி. கடையில் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து வாங்கி (1.34 மில்லி ட்யூப்) தோள்பட்டைக்கு நடுவே விட்டேன். ஒரு வாரம் ஆகிறது. இன்று காலையும் காதுக்குள்ளிருந்து நாலைந்து எடுத்தேன். கடைக்காரரிடம் சொன்னால், "அது டூப்ளிகேட்டா இருக்கும் சார், இதை விட்டுப் பாருங்க" என்று வேறொன்றைக் கொடுத்தார். உறையில் பெர்மெத்ரின் என்று இருக்கிறது. ஒன்றின் மேல் இன்னொன்றை விடலாமா?

பூனையும் சொறிந்துகொண்டே இருக்கிறது, தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். நாய்க்கு விட்ட மிச்சத்தில் ஒரு சொட்டு அதற்கும் விட்டால் போதாதா என்கிறார் மனைவி.

பூனைக்காரி:
மணி சார், வேண்டாம். ஒரு சொட்டுகூட வேண்டாம். அந்த இரண்டாவது பாக்கெட்டை அப்படியே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். நாய்க்கான சொட்டு மருந்துகளில் அது 50 சதவீதம் அளவுக்குக்கூட இருக்கும், அதனால் "ஒரு சொட்டுதானே" என்ற கணக்கு இங்கே செல்லாது. காதும் முகத் தசையும் துடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் உடம்பு முழுக்க நடுக்கம், காய்ச்சல், வலிப்பு. சில மணி நேரத்திலேயே தெரியலாம், தாமதமாகி இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம். மதுரையில் நாங்கள் பராமரிக்கும் பூனைகளில் ஒன்று இப்படித்தான் போனது. விட்டவர் அன்பாகத்தான் விட்டார்.

பூனைக்கு விடுவது மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. உங்கள் பூனை நாயோடு ஒட்டிப் படுக்குமா? நாயை நக்குமா? அப்படியென்றால் நாய்க்கே பெர்மெத்ரின் வேண்டாம்.

வேப்பேரி மாணவன்:
பூனைக்காரி சொல்வது சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெர்மெத்ரின் போன்ற பொருள்களை உடைத்து, குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து வெளியே தள்ளுவது ஈரலின் வேலை. நாய்க்கு அது நன்றாக நடக்கும். பூனைக்கு அந்த நொதிகள் மிகக் குறைவு, சில சுத்தமாக வேலையே செய்யாது. பாராசிட்டமால் பூனையைக் கொல்வதற்கும் இந்தக் குறைதான் முக்கியக் காரணம். உடம்பில் சிறியது என்பதால் பூனையைக் குட்டி நாய் என்று எண்ணி மருந்தைப் பிரித்துக் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

(நான் அரசுக் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பார்க்காமல் மருந்து எழுத மாட்டேன், பொதுவாகத்தான் பேசுகிறேன்.)

இப்போது மணியின் நாய்க்கு வருவோம். மருந்து டூப்ளிகேட் என்று முடிவு கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்கள்.

22 கிலோ நாய்க்கு 1.34 மில்லி போதாது. அது 10 முதல் 20 கிலோவுக்கான ட்யூப். 20 முதல் 40 கிலோவுக்கு 2.68 மில்லி. "இருபது கிலோ இருக்கும்" என்று கடையில் கண் மதிப்பில் கொடுப்பதால் வரும் சிக்கல் இது. நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி நில்லுங்கள், உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

இரண்டாவது, குளியல். மருந்து விடுவதற்கு முன்னோ பின்னோ ஷாம்பூ போட்டீர்களா?

மூன்றாவது, நீங்கள் பிடுங்கிய உண்ணி எப்படி இருந்தது? தட்டையாக, காய்ந்துபோய், கால் அசையாமல் இருந்ததா? அல்லது கொட்டைமுத்து மாதிரி சாம்பல் நிறத்தில் உப்பி, உயிரோடு இருந்ததா? ஃபிப்ரோனில் உண்ணியை நாய்மேல் ஏறவிடாமல் தடுக்காது. ஏறிய பிறகு சுமார் 48 மணி நேரத்தில் கொல்லும். அதனால் செத்த உண்ணியும் புதிதாய் ஏறிய தட்டை உண்ணியும் கண்ணில் படத்தான் செய்யும். ரத்தம் குடித்து உப்பியவை தொடர்ந்து இருந்தால்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

முடிச்சூர் மணி:
நன்றி ஐயா. பெரும்பாலும் தட்டையானவை, பழுப்பு நிறம். ஒன்றிரண்டு உப்பியவை. மருந்து விட்டதற்கு முதல் நாள் க்ரூமிங் ஆள் வந்து ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினார். சுத்தமான உடம்பில் விட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று அவரும் சொன்னார்.

வேப்பேரி மாணவன்:
அங்கேதான் பாதி மருந்து வீணாகியிருக்கிறது. இந்த மருந்து ரத்தத்தில் கலந்து வேலை செய்வதில்லை. தோலின் எண்ணெய்ப் பசையில் ஏறி ஒரு நாளில் உடம்பெங்கும் பரவி, முடிக்கால்களை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகளில் போய்த் தங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஷாம்பூ அந்த எண்ணெயை வழித்துவிட்டால் மருந்து பரவ வழி ஏது? முன்னால் 48 மணி நேரம், பின்னால் 48 மணி நேரம் குளியல் வேண்டாம். அதற்குப் பிறகும் வாராவாரம் ஷாம்பூ போட்டால் ஒரு மாதம் நிற்க வேண்டியது நிற்காது.

விடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முடியை இரண்டாக வகிர்ந்து, வெள்ளைத் தோல் தெரிய வேண்டும். ட்யூப் முனை தோலைத் தொட வேண்டும். முடிமேல் விட்டால் அது முடிக்கு வைத்தியம். உங்கள் நாய்க்கு முடி குட்டை, சுலபம்தான். நக்க முடியாத இடமாகப் பிடரிக்குக் கீழே, தோள்களுக்கு நடுவே. காயும்வரை குழந்தைகள் தடவக் கூடாது, அன்று இரவு கட்டிலில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

இன்றே இன்னொரு ட்யூப் விடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பக்கத்திலுள்ள மருத்துவரிடம் நாயைக் காட்டிவிட்டு விடுங்கள்.

ராஜபாளையம் ரவி:
டாக்டர் ஐயா முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மணி அண்ணே, நாயைப் பார்த்தது போதும், சுவரைப் பாருங்கள்.

கன்னி, ராஜபாளையம் நாய்கள் வளர்க்கிறோம், அப்பா காலத்திலிருந்து. உண்ணி நாய்மேல் வாழ்கிறது என்று நினைப்பவன் கடைசிவரை அதை ஒழிக்க முடியாது. குஞ்சு (ஆறு கால்தான் இருக்கும், கடுகைவிடச் சின்னது) நாயில் ஏறிக் குடிக்கும், கீழே விழும், விரிசலுக்குள் போய்த் தோல் உரிக்கும். எட்டுக்காலோடு திரும்ப ஏறும், குடிக்கும், விழும், உரிக்கும். பெரிதாகி மூன்றாவது முறை ஏறும். பெட்டை உப்பிப் போய் விழுந்து சுவரேறி ஒரு சந்தில் முட்டை வைக்கும், ஆயிரக்கணக்கில். 4,000 வரைகூட வைக்குமாம். நாயில் இருக்கும் நேரம் கொஞ்சம், சுவரில் இருக்கும் நேரம்தான் அதிகம். ரத்தம் கிடைக்காவிட்டாலும் பெரிய உண்ணி பல மாதம் தாக்குப்பிடிக்கும்.

இந்த நாய் உண்ணி மேலே ஏறும் சாதி. எல்லோரும் தரையைக் கழுவுவார்கள். நீங்கள் கதவு நிலைக்கு மேல், காலண்டருக்குப் பின்னால், ஜன்னல் சட்டம், கூரையும் சுவரும் சேரும் மூலை, அங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். நாய் படுக்கும் சாக்கு இருந்தால் எரித்துவிடுங்கள்.

வேப்பேரி மாணவன்:
ரவி சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். பழுப்பு நாய் உண்ணி என்று சொல்வது இதைத்தான், ரிப்பிசெபலஸ் சாங்குனியஸ். உண்ணிகளில் பெரும்பாலானவை காட்டிலும் புல்லிலும்தான் பிழைக்கும். வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தத் தெரிந்தது இது. நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும், ஆண்டு முழுக்க.

பசுமைவழி:
எதற்கெடுத்தாலும் கெமிக்கலா? வேப்பெண்ணெயில் கொஞ்சம் கற்பூரம் கலந்து தடவுங்கள், உண்ணி கிட்டே வராது. சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசலாம். எங்கள் தாத்தா புகையிலைத் தண்ணீரில்தான் நாயைக் குளிப்பாட்டுவார். அந்தக் காலத்தில் எந்த ட்யூப் இருந்தது?

பூனைக்காரி:
பசுமைவழி, நீங்கள் சொன்ன நாலில் மூன்று பூனை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. கற்பூரம் பூனைக்கும் குட்டி நாய்க்கும் நச்சு, தோல் வழியாகவே உள்ளே போகும், நக்கினால் இன்னும் மோசம். புகையிலைத் தண்ணீர் என்பது நிகோட்டின். அது கெமிக்கல் இல்லையா? சீத்தாப்பழ விதைத் தூள் கண்ணில் பட்டால் மனிதர்களுக்கே கண் புண்ணாகிவிடும், பேனுக்குப் பூசப் போய்க் கண் டாக்டரிடம் ஓடியவர்கள் உண்டு. இயற்கை என்று விற்கும் டீ ட்ரீ எண்ணெயும் பூனைக்கு ஆகாது.

வேப்பேரி மாணவன்:
வேப்பெண்ணெயை நான் முழுசாகத் தள்ள மாட்டேன். பூச்சியைக் கொஞ்சம் விரட்டும். ஆனால் எவ்வளவு நேரம், எத்தனை உண்ணி என்பதற்கு உத்தரவாதம் இல்லை, கசப்பை நக்கி வாந்தி எடுக்கும் நாயும் உண்டு. தாத்தா காலத்து நாய்கள் உண்ணிக் காய்ச்சலில் செத்தபோது "நாய்க்கு ஏதோ சீக்கு" என்று புதைத்துவிட்டோம், ரத்தம் எடுத்துப் பார்க்க யாரும் இல்லை.

பசுமைவழி:
கற்பூரத்தை விட்டுவிடுகிறேன். வேம்பை விட மாட்டேன்.

நெல்வயல்:
நான் விவசாயி, திருவாரூர் பக்கம். இந்த ட்யூப் வியாபாரம் எனக்குப் புரியவே இல்லை. உள்ளே இருப்பது ஃபிப்ரோனில். நெல்லில் குருத்துப்பூச்சிக்கு நாங்கள் அடிப்பதும் ஃபிப்ரோனில். 5 சதவீத எஸ்.சி. பாட்டில் உரக்கடையில் கிடைக்கிறது. ரெண்டு மூடி தண்ணீரில் கலந்து நாய்க்குத் தெளிக்கிறோம். ஊரில் பல பேர் செய்கிறார்கள். ஒரு நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. பெயர் மாறினால் விலை இருபது மடங்கா?

வேப்பேரி மாணவன்:
விலை பற்றிய உங்கள் கோபம் நியாயம்தான். செய்முறை தவறு.

மருந்துப் பொருள் ஒன்றுதான், ஆனால் அதைச் சுமந்து செல்லும் திரவம் வேறு. நாய் ட்யூபில் இருக்கும் கரைப்பான், தோல் எண்ணெயில் மெல்லப் பரவுவதற்காகச் சேர்த்தது. எஸ்.சி. என்பது இலைமேல் ஒட்டிக்கொள்வதற்காகத் தண்ணீரில் மிதக்கவிட்ட தூள். நாய்மேல் தெளித்தால் முடியில் காய்ந்து ஒட்டும், நாய் அதை நக்கும், தெளிப்பவர் மூச்சிலும் போகும். ஒரு கிலோ உடம்புக்கு எத்தனை மில்லிகிராம் போயிற்று என்று ரெண்டு மூடிக் கணக்கில் சொல்ல முடியாது. பயிர் மருந்தில் சேர்க்கும் மற்றப் பொருள்களை நாய்த் தோலில் யாரும் சோதிக்கவும் இல்லை.

அனுமதி இல்லாத இடத்தில் இதைப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2017இல் ஐரோப்பாவில் நடந்ததே போதும். நெதர்லாந்து, பெல்ஜியம் கோழிப் பண்ணைகளில் செந்நிறச் செள்ளுக்கு அடித்த சுத்திகரிப்பு மருந்தில் ஃபிப்ரோனிலைக் கலந்துவிட்டார்கள். முட்டைக்குள் போய்விட்டது. கோடிக்கணக்கான முட்டைகளை அழித்தார்கள், பண்ணைகளை மூடினார்கள்.

உங்கள் ஊர் நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். வலிப்பு வந்த நாய்கள் என் மேசைக்கு வந்தன.

நெல்வயல்:
சரி ஐயா, மறுக்கவில்லை. ஆனால் பத்து நாய் வைத்திருப்பவன் ட்யூப் வாங்கிக் கட்டுப்படியாகாது. இன்னொன்று, மாட்டுக்கு உண்ணி மருந்து அடித்தால் நன்றாகவே போகிறது, நாய்க்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

வேப்பேரி மாணவன்:
நல்ல கேள்வி. மாட்டில் நாம் அதிகம் பார்க்கும் ஒரு வகை, ரிப்பிசெபலஸ் மைக்ரோப்ளஸ், குஞ்சாக ஏறினால் பெரிதாகி முட்டை வைக்கப் போகும்வரை அதே மாட்டில்தான் இருக்கும். அதனால் மாட்டுக்கு மருந்து அடித்தால் மூன்று பருவமும் ஒரே வீச்சில் மாட்டும். நாய் உண்ணி மூன்று முறை இறங்கி ஏறுவது என்று ரவி சொன்னாரே, அதுதான் வித்தியாசம். நாய்க்கு அடிக்கும்போது பெரும்பகுதி கொட்டகையில் இருக்கிறது. உங்கள் பத்து நாய்க்கும் செலவைக் குறைக்க வேண்டுமானால் நாய் கட்டும் இடத்தில் பணத்தைப் போடுங்கள், ட்யூப் எண்ணிக்கை தானே குறையும்.

அப்புறம், கறவை மாட்டுக்கு ஃபிப்ரோனில் பக்கமே போகாதீர்கள். பாலில் வரும்.

சோழிங்கநல்லூர் ஷீலா:
உண்ணியைச் சாதாரண அரிப்பு என்று எண்ணிப் படிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் லாப்ரடாருக்கு நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை, லேசான காய்ச்சல். வெயில் என்று நினைத்தோம். அப்புறம் ஒரு காலை மூக்கிலிருந்து ரத்தம். பரிசோதனையில் எர்லிக்கியா, உண்ணி பரப்பும் கிருமி. ரத்தம் உறைய உதவும் தட்டணு 40,000க்குக் கீழே. நல்ல நாய்க்கு 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். டாக்ஸிசைக்ளின் 28 நாள், சாப்பாட்டோடு. பிழைத்துவிட்டாள். இப்போது தினமும் இரவு விரல் இடுக்கு, காது, கழுத்துப் பட்டைக்கு அடியில் என்று தடவிப் பார்க்காமல் தூங்குவதில்லை.

வேப்பேரி மாணவன்:
ஷீலாம்மா சொன்ன எர்லிக்கியா கேனிஸ் சென்னை மருத்துவர்கள் வாரத்துக்குப் பலமுறை பார்ப்பது. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் இதில்தான் செத்தன. கூடவே பபேசியா என்ற இன்னொன்றையும் உண்ணி கொடுக்கும். அது சிவப்பணுவை உடைக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும், ஈறு வெளுக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அதனால் பழைய சீட்டைப் பார்த்து டாக்ஸிசைக்ளின் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு சங்கடமான உண்மை. உண்ணி கடித்து 3 மணி நேரத்துக்குள்ளேயே எர்லிக்கியா நாய்க்குள் போக முடியும் என்று சோதனையில் பார்த்திருக்கிறார்கள். 48 மணி நேரத்தில் கொல்லும் மருந்து இதை முழுக்கத் தடுக்காது. வீட்டில் உண்ணி எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நோயையும் குறைக்கும்.

அண்ணாநகர் அப்பு:
இவ்வளவு பேசுவதற்கு ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுப் போகலாமே? என் நாய்க்கு மாதம் ஒரு அஃபாக்ஸோலனர். குளிப்பாட்டலாம், கடலில் விடலாம், பூனை நக்கினாலும் கவலை இல்லை. சொட்டு மருந்தெல்லாம் பழைய காலம்.

தெருநாய் தோழி:
அப்பு சொல்வதில் பாதிக்கு என் ஓட்டு. நாங்கள் தெருவில் சோறு போடும் நாய்களைப் பிடித்து வைத்து முடி வகிர்ந்து சொட்டு விட முடியாது. ஃப்ளூரலனர் மாத்திரை ஒன்றை ஈரலுக்குள் வைத்துக் கொடுத்தால் சுமார் மூன்று மாதம் ஓடுகிறது. ஆனால் எந்த நாய் தின்றது என்று நின்று பார்க்க வேண்டும். பலசாலி ஒன்று இரண்டு பங்கையும் முழுங்கிவிடும். விலையும் எல்லோராலும் தாங்கக்கூடியது இல்லை.

வேப்பேரி மாணவன்:
பூனை இருக்கும் வீட்டில், நாய்க்கு மாத்திரை என்பது நல்ல வழி, அப்புவோடு உடன்படுகிறேன். "பழைய காலம்" என்பதோடு இல்லை.

இந்த மாத்திரை வகை (ஐசாக்ஸஸோலின்) ரத்தத்தில் இருக்கும். உண்ணி கடித்துக் குடித்தால்தான் சாகும். சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வருகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் எச்சரிக்கை கொடுத்தது. மருந்தைத் தடை செய்யவில்லை, பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானது என்றும் சொன்னது. ஏற்கெனவே வலிப்பு உள்ள நாய் என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த நாய்க்கு ஃபிப்ரோனில் சொட்டு ஏற்றதா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

குளியல் மருந்தாக வரும் அமிட்ராஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உண்ணிக்கு நல்ல மருந்து, மலிவும்கூட. ஆனால் பூனைக்கும் குட்டிகளுக்கும் சர்க்கரை உள்ள நாய்க்கும் ஆகாது. கலக்கும் அளவு கூடினால் நாய் மயங்கிக் கிடக்கும், இதயத் துடிப்பு இறங்கும். பாட்டிலில் எழுதிய அளவு, கையுறை, காற்றோட்டம் மூன்றும் வேண்டும்.

முயல் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால்: முயலுக்கு ஃபிப்ரோனில் கூடவே கூடாது.

முடிச்சூர் மணி:
பெர்மெத்ரினைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கடைக்காரர் முகம் சுளித்தார், பரவாயில்லை. பூனைக்கு என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி. அதன்மேல் உண்ணி எதுவும் கண்ணில் படவில்லை.

பூனைக்காரி:
முதலில் தெள்ளுதானா என்று பாருங்கள். நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாலடியிலும் கழுத்திலும் வாரி, விழும் கருப்புத் துகளை நனைத்த வெள்ளை டிஷ்யூ பேப்பரில் போடுங்கள். மண் என்றால் அப்படியே கிடக்கும். தெள்ளின் கழிவு என்றால் சுற்றிச் செம்பழுப்பாகக் கசியும், ஏனென்றால் அது செரித்த ரத்தம்.

தெள்ளு உறுதியானால் பூனைக்கென்றே வரும் ஃபிப்ரோனில் 0.5 மில்லி, அல்லது செலாமெக்டின். செலாமெக்டின் காதுச் செள்ளுக்கும் சேர்த்துக் கேட்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். இரண்டும் 8 வாரத்துக்கு மேற்பட்ட குட்டிக்குத்தான். அதற்குக் குறைந்த குட்டி என்றால் சீப்பும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணமும் போதும். விடும் இடம் மண்டைக்குக் கீழே பிடரியில், தோளுக்கு நடுவே விட்டால் பூனை வளைந்து நக்கிவிடும். நக்கிவிட்டால் கொஞ்ச நேரம் நுரையாக எச்சில் வடிக்கும், பயமாக இருக்கும், பெரும்பாலும் அந்தக் கசப்புக்குத்தான். எச்சிலோடு நடுக்கமும் இருந்தால் வேறு விஷயம், உடனே கிளம்புங்கள்.

வீட்டையும் பார்க்க வேண்டும், இதுவும் ரவி அண்ணன் கதைதான். பூனைமேல் தெரியும் தெள்ளு மொத்தத்தில் 5 சதவீதம் என்பார்கள். மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகத் தரை இடுக்கிலும் சோபாவிலும் மெத்தையிலும். கூட்டுப்புழுவை எந்த மருந்தும் சரியாகத் தொடாது. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டி வைத்துத் திரும்பி வந்தால், காலடி அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்து கணுக்காலைக் கடிக்கும், பார்த்திருப்பீர்கள். மருந்து விட்ட பிறகும் சில வாரங்கள் புதிது புதிதாக வருவது இதனால்தான். மருந்தை நிறுத்திவிடாதீர்கள். விரிப்புகளைக் கொதிநீரில் துவையுங்கள்.

குடற்புழு மருந்தும் கேளுங்கள். தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழு வரும், வாலடியில் அரிசி மாதிரி ஒட்டியிருக்கும்.

அண்ணாநகர் அப்பு:
தெரியாமல் பெர்மெத்ரின் பட்டுவிட்டது என்றால் வீட்டில் என்ன செய்வது? இங்கே யாராவது பின்னாளில் தேடி வரலாம்.

வேப்பேரி மாணவன்:
வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், தோல் ரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் உள்ளே போகும். துடைத்து, குளிராமல் துணியில் சுற்றி, உறையைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். உறை முக்கியம், பெயர் சொன்னால் போதாது. ஒரே கம்பெனி ஒரே மாதிரிப் பெட்டியில் நாய்க்கு ஒன்றும் பூனைக்கு ஒன்றும் விற்கிறது, உள்ளே இருக்கும் மருந்துப் பொருள் வேறு. நடுக்கம் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் கழுவிக்கொண்டு நேரத்தை ஓட்டாதீர்கள், நேரே கிளம்புங்கள். மெத்தோகார்பமால் ஊசி, நரம்பில் ஏற்றும் ட்ரிப் என்று உடனே தொடங்கினால் நிறையப் பூனைகள் பிழைக்கின்றன.

லண்டன் குமரன்:
இன்னொரு பக்கமும் சொல்லட்டுமா? இங்கே 2020இல் வந்த ஒரு ஆய்வில் இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த தண்ணீரில் 98 சதவீத மாதிரிகளில் ஃபிப்ரோனில் இருந்தது. இங்கே பயிருக்கு அதைப் போடுவதே இல்லை, ஆகவே நாய் பூனை மருந்திலிருந்துதான் பெரும்பாலும் வந்திருக்கும் என்கிறார்கள். தெள்ளு இருக்கோ இல்லையோ பன்னிரண்டு மாதமும் விடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. உங்கள் ஊர்ச் சூட்டில் நிறுத்த முடியாது என்று புரிகிறது. குறைந்தபட்சம் மருந்து விட்ட நாயை ஏரியிலும் கிணற்றிலும் நீந்த விடாதீர்கள், நீர்ப்பூச்சிகளுக்கு இது கொடிய நஞ்சு.

நெல்வயல்:
குமரன் சொல்வதை எங்கள் வயல் வாய்க்காலிலேயே பார்க்கலாம் தம்பி. தட்டான் குறைந்து எத்தனையோ வருடம் ஆகிறது.

ராஜபாளையம் ரவி:
மணி அண்ணே, சுவரைப் பார்த்தீர்களா இல்லையா?

முடிச்சூர் மணி:
பார்த்தேன் தம்பி. கதவு நிலைக்கு மேல் வரிசையாக இருந்தது. வராண்டாவில் நாய் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே மின்சார மீட்டர் பெட்டி, அதற்குப் பின்னால் முட்டைக் கும்பல். பூச்சி மருந்து அடிக்கும் ஆளை வரச் சொல்லியிருக்கிறேன், டெல்டாமெத்ரின் என்கிறார். நாய்க்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார் எங்கள் டாக்டர், ரத்தமும் எடுத்திருக்கிறார்.

பூனைக்காரி:
டெல்டாமெத்ரினும் பெர்மெத்ரின் குடும்பம்தான். அடித்துக் காய்ந்து வாசனை போகும்வரை பூனையை வேறு வீட்டில் விடுங்கள். மீன் தொட்டி இருந்தால் மூடி, காற்றுக் குழாயை நிறுத்துங்கள்.

ராஜபாளையம் ரவி:
ஒரு தடவை அடித்தால் போதாது, முட்டைக்குள் இருப்பது சாகாது. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லுங்கள், இப்போதே பேசி வைத்துவிடுங்கள். நாங்கள் கொட்டகைச் சிமெண்டுச் சுவரில் ஊதுவிளக்கால் தீ காட்டுவோம், வீட்டில் அதை முயல வேண்டாம். விரிசலைச் சிமெண்டு பூசி அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள்.

எடுக்கும் உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள் அண்ணே, சீமெண்ணெயும் ஊற்ற வேண்டாம். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடுங்கள்.

மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஈர மருந்து அடிக்கச் சொல்லிவிடாதீர்கள். அந்த இடத்தை மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயினை நிறுத்திவிட்டுச் சுரண்டச் சொல்லுங்கள்.

முடிச்சூர் மணி:
அடடா, அந்த ஆள் நாளைக் காலையில் வருகிறார். இப்போதே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுகிறேன்.